‘உயர நோய்’ என்ற சொல் போதுமா? ‘உயரிட நோய்’ குறித்து மூன்று மடல்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். 2,500 மீட்டருக்கு மேல் விரைவாக ஏறிச் செல்பவர்களுக்கு உண்டாகும் தலைவலி, குமட்டல், அசதி, கிறுகிறுப்பு ஆகியவற்றை ஒருசேரக் குறிக்க ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று சென்ற வாரம் இங்கே கேட்கப்பட்டது. இதுவரை ‘மலை நோய்’, ‘உயர நோய்’, ‘மலையேற்ற நோய்’, ‘உயர ஒவ்வாமை’, ‘வளிக்குறை நோய்’, ‘மலைப்பு’ என ஆறு சொற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. சேலத்திலிருந்து கயிலை யாத்திரை செல்லவிருக்கும் ஒரு சிறு குழுவுக்கு இரண்டு பக்க அறிவுரைத் தாள் எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதால், அகராதியில் இடம்பிடிக்கும் அழகை விட, படித்தவுடன் பிழையின்றிப் புரியும் தன்மையையே நான் இந்தச் சொல்லிடம் எதிர்பார்க்கிறேன். அந்தப் பாதையில் டோல்மா கணவாய் 5,630 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான்.

பிழையாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு சொல் என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமாவும் நானும் லடாக் சென்றோம். பயண ஏற்பாட்டாளர்கள் கொடுத்த தமிழ்த் தாளில் ‘உயர நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. மாமா அதை உயர் ரத்த அழுத்தம் என்று படித்துக்கொண்டு, “எனக்குப் பிரஷர் எல்லாம் கிடையாதுப்பா” என்று தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். தில்லியிலிருந்து விமானத்தில் கிளம்பி, காலைச் சிற்றுண்டி வேளைக்குள் 3,256 மீட்டர் உயரத்தில் உள்ள லே விமான நிலையத்தில் இறங்கினோம். அன்று மாலை அவருக்குத் தலை வலித்தது, வெயில் என்றார். இரவில் சாப்பாட்டை ஒதுக்கினார். ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். உறக்கம் வரவில்லை, புது இடம் என்றார். மறுநாள் காலை கார்துங் கணவாய்க்குப் போகும் வண்டி வாசலில் நிற்க, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விடுதிக்காரர் ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பினார். ஆக்சிஜனும் இரண்டு நாள் ஓய்வும் மாமாவைத் தேற்றின. அந்த வண்டியில் ஏறி 5,359 மீட்டருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஒவ்வோர் அறிகுறிக்கும் அவரிடம் ஒரு சேலத்துப் பெயர் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் பெயர்தான் இல்லை.

எனவே ‘உயர நோய்’ எனக்கு ஒப்புதல் இல்லை. எழுத்தில் அது உயர் அழுத்தத்தை நினைவூட்டுகிறது. காதால் கேட்டாலோ, ஆள் வளர்த்தி தொடர்பான குறை என்று தோன்றுகிறது. ‘மலையேற்ற நோய்’ இன்னொரு விதத்தில் வழி தவற வைக்கிறது. மாமா ஒரு படிகூட ஏறவில்லை. இருக்கையில் பட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே உயரத்தை அடைந்தார். அதோடு அந்தச் சொல், நன்றாக மலை ஏறத் தெரிந்தவருக்கு இது வராது என்ற எண்ணத்தையும் விதைக்கிறது. இமயத்தின் உயரங்களில் பணியாற்றிய 1,925 படைவீரர்களிடம் கண்ட இந்த நோயைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய சக மருத்துவர்களும் 1969இல் எழுதினார்கள். அவர்கள் யாரும் உடல்வலு குறைந்தவர்கள் அல்லர்.

‘உயர ஒவ்வாமை’ தமிழ் மரபுக்கு மிக நெருங்கிய சொல் என்பதை ஏற்கிறேன். ‘ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லும் நாவுக்கு அது இயல்பாக வரும். ஆனால் ‘ஒவ்வாமை’ என்ற சொல்லைத் தும்மலும் தடிப்பும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. அதைக் கண்டவர் அரிப்பு மாத்திரையைத் தேடுவார். ‘வளிக்குறை நோய்’ என்றால் சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு வளி என்பது வாதம். முழங்கால் வலி என்று எடுத்துக்கொள்வார்கள். மேலும் உயரத்தில் குறைவது காற்றில் உள்ள ஆக்சிஜனின் பங்கு அன்று. அது சேலத்திலும் லேயிலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. ‘மலைப்பு’ என்று எழுதிய நண்பரின் சொல்நயத்தை இரண்டு நாள் ரசித்தேன். ஆயினும் கயிலையைக் கண்டு மலைப்படைவதற்காகவே செல்பவர்களிடம் மலைப்பு வந்தால் இறங்கிவிடுங்கள் என்று எப்படி எழுதுவது?

மீதமிருப்பது ‘மலை நோய்’. இதை மறுப்பதற்கான காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சேலம் 278 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். பேருந்து நிலையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மேலே போய்ச் சேரும்போது தலையணைபோல உப்பியிருக்கும். காது ஒருமுறை அடைத்துத் திறக்கும். கீழிருந்து மேலே போவதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சன்னலோரம் தலை சாய்த்து வாந்தி எடுப்பவர்களுக்கு வந்திருப்பது இந்த நோய் அன்று. வண்டி சுழல்வதால் உட்காது குழம்பிப்போவதால் வரும் குமட்டல் அது. சேர்வராயன் மலைத்தொடரின் மிக உயர்ந்த முகடே 1,600 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. ‘மலை நோய்’ என்று எழுதினால் சேலத்துக்காரர் வளைவு வாந்தியை நினைத்துக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொள்வார். அதைவிட ஆபத்து, ஞாயிறுதோறும் ஏற்காட்டு மலைப்பாதையில் நடந்தவர் தமக்கு மலை பழகிவிட்டது என்று நம்பிவிடுவார்.

வட்டார வழக்கில் ஏதாவது சொல் கிடைக்குமா என்றும் தேடினேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகளாக வேலை செய்யும் பெரியவரிடம், மலை உயர உயரத் தலை வலிப்பதற்கு உங்கள் பக்கத்தில் என்ன பெயர் என்று கேட்டேன். “மேல போனா பசிக்கும் சாமி, தலை ஏன் வலிக்கணும்?” என்று திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதுதான் உண்மை. தமிழகத்தின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கும் சுற்றிப் பார்த்துவிட்டு மாலைக்குள் உதகைக்கு இறங்கிவிடுகிறோம். நம் நிலத்தில் இந்த நோய்க்கு இடமில்லை, ஆகவே பெயரும் இல்லை. நோய் இருந்த ஊர்க்காரர்கள் தாங்கள் நினைத்த காரணத்தை வைத்துப் பெயரிட்டார்கள். திபெத்தியர் அதைக் ‘கணவாய் நஞ்சு’ என்றனர். பழைய சீனக் குறிப்பொன்றில் மேற்கே செல்லும் வழியில் ‘பெரிய தலைவலி மலை’, ‘சிறிய தலைவலி மலை’ என்று இரண்டு வருகின்றன. தாழ்ந்த காற்றழுத்தத்தால் ஆக்சிஜன் போதாமல் போவதே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878இல் நிறுவிவிட்டார். காரணம் தெரிந்த பிறகு பெயர் வைக்கும் வசதி நமக்கு வாய்த்திருக்கிறது.

நான் முன்வைப்பது ‘உயரிட நோய்’. உயரிடம் என்பது சிகரமாகவும் இருக்கலாம், லே போன்ற சமதளமாகவும் இருக்கலாம். நடந்தும் போகலாம், பறந்தும் போகலாம். நோய் ஆளிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல் காட்டிவிடுகிறது. உடல் நாள்கணக்கில் உயரத்துக்குப் பழகுவதை ‘உயரிடப் பழக்கம்’ என்றும், தலைமுறைகளாக அங்கேயே வாழும் திபெத்தியரின் மரபணுவில் ஏற்பட்டிருப்பதைத் ‘தகவமைவு’ என்றும் பிரித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை இடும் வழக்கம் போக வேண்டும். இரவில் உறங்கும் இடத்தின் உயரத்துக்கு ‘தங்குயரம்’ என்று ஒரு வினைத்தொகை செய்திருக்கிறேன். 3,000 மீட்டருக்கு மேல் தங்குயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே தங்குயரத்தில் ஒரு நாள் நிற்க வேண்டும் என்ற விதியை அந்தச் சொல் இல்லாமல் எழுதிப் பார்த்தேன். பகலில் ஏறி இறங்கும் உயரத்தோடு அது குழம்பிவிடுகிறது.

கருத்துகளை எதிர்நோக்கும்,
அஸ்தம்பட்டி, சேலம்

—

அன்புள்ள ஐயா,

நான் ஏற்காட்டு அடிவாரத்தில் மருத்துவம் பார்ப்பவள். ‘உயரிட நோய்’ எனக்கு உடன்பாடே. ஆனால் மருத்துவப் பாடநூல் வழக்கத்தைப் பின்பற்றி யாராவது அதன் முன்னால் ‘கடும்’ என்று ஒட்டிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். நாள்கணக்கில் தோன்றி மறைவதற்கும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட வந்த அடைமொழி, தமிழில் ‘கடும்’ என்றாகும்போது நோயின் கொடுமையைக் குறிப்பதாகிவிடுகிறது. பிறகு ‘இலேசான கடும் உயரிட நோய்’ என்று எழுத நேரும். வெறுமனே ‘உயரிட நோய்’ என்றாலே புதிதாக உயரத்துக்குப் போனவருக்கு வருவது என்று வைத்துக்கொண்டு, ஆண்டிஸ் மலைகளில் நெடுங்காலம் வாழ்பவர்களிடம் பெருவைச் சேர்ந்த மருத்துவர் கார்லோஸ் மோங்கே விவரித்த மற்ற நோயை மட்டும் ‘நாட்பட்ட உயரிட நோய்’ என்று பிரிப்பது தெளிவாக இருக்கும்.

இதைவிட முக்கியமானது, முற்றிய இரண்டு நிலைகளுக்குத் தாங்கள் பெயரே தரவில்லை. ஒன்றில் மூளையில் நீர் கோத்து வீங்குகிறது. நேர்க்கோட்டில் குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் ஆள் தள்ளாடுவார், பேச்சு பிறழும். மற்றதில் நுரையீரலில் நீர் சேர்கிறது. வறட்டு இருமலில் தொடங்கி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். பெரும்பாலும் இரண்டாவது இரவில் முற்றும். தலைவலி இல்லாமலும் இது வரும் என்பதைத் தாளில் கட்டாயம் எழுதுங்கள். இரண்டிலும் தாமதிக்காமல் கீழே இறக்குவதுதான் முதல் மருத்துவம். இவற்றுக்கு ஒருவர் ‘நீர்க்கோவை’ என்று சொல்லியிருந்தார், தயவுசெய்து வேண்டாம். நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போடாத வீடு எங்கள் பகுதியில் அரிது. உயிர் போகும் நிலையில் உள்ளவருக்குப் பற்றுப் போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள். ‘நீர்க்கோப்பு’ என்று மாற்றி, ‘உயரிட மூளை நீர்க்கோப்பு’, ‘உயரிட நுரையீரல் நீர்க்கோப்பு’ என்று சொல்லலாம்.

இன்னும் ஒன்று. நோயின் பெயர் மட்டும் போதாது, அதோடு சேரும் வினையும் வேண்டும். தங்கள் மாமாவை ஏமாற்றியது பெயர் பாதி, ‘உள்ளவர்கள்’ என்ற சொல் பாதி. சர்க்கரை நோய் உள்ளவர் என்பதுபோல் எழுதியதால், வீட்டிலிருந்தே கொண்டுபோகும் நோய் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. நம்மிடம் காய்ச்சல் அடிக்கிறது, சளி பிடிக்கிறது, அம்மை போடுகிறது, வாதம் தாக்குகிறது. உயரிட நோய் என்ன செய்கிறது?

தங்கள் அன்புள்ள,
ஒரு மருத்துவர்

—

மதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கு,

‘கடும்’ நீங்குகிறது, ‘நீர்க்கோப்பு’ சேர்கிறது. இரண்டையும் நன்றியோடு ஏற்கிறேன்.

தங்கள் கடைசிக் கேள்வியை மாமாவிடமே கொண்டுபோனேன். அன்றைக்கு லேயில் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் எப்படிச் சொல்வீர்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “உயரம் பிடிச்சிக்கிச்சு” என்றார். சளி பிடிப்பதும் இடுப்பு பிடித்துக்கொள்வதும் போலத்தான். புறத்திலிருந்து வந்து ஒட்டுவது, யாருக்கும் வரக்கூடியது, ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லாதது என்ற மூன்றும் அந்த வினையில் அடங்கியிருக்கின்றன. யாத்திரை வழியில் தம்மை நோயாளி என்று சொல்லிக்கொள்ளத் தயங்குபவரும் ‘உயரம் பிடித்துக்கொண்டது’ என்று கூச்சமின்றிச் சொல்லிவிடுவார். ஆகவே தலைப்பில் ‘உயரிட நோய்’, வாக்கியத்தில் ‘உயரம் பிடித்தல்’ என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. ‘உயரப் பிடிப்பு’ என்று அதைப் பெயராக்க மட்டும் யாரும் முயல வேண்டாம். அது கெண்டைக்காலுக்குப் போய்விடும்.

அசிட்டசோலமைடு மாத்திரை பற்றித் தாளில் என்ன எழுதுவது என்பதில் தங்கள் உதவி வேண்டும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றச் செய்து, மூச்சைத் தூண்டி, உயரிடப் பழக்கத்தை அது விரைவுபடுத்துகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். சல்ஃபா மருந்துகள் ஆகாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அளவை எழுதவில்லை, அதைச் சேலத்திலேயே ஒவ்வொருவருக்கும் மருத்துவர் தனித்தனியாகக் குறித்துத் தருவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

தாளின் முதல் பத்தி இப்போது இப்படி நிற்கிறது: “3,000 மீட்டருக்கு மேல் தங்கும் எந்த நாளிலும் தலை வலித்தாலோ, குமட்டினாலோ, இருமல் தொடங்கினாலோ, வெயில் என்றும் சாப்பாடு என்றும் காரணம் தேடாமல், உயரம் பிடித்திருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொண்டு, உடன் வருபவரிடம் உடனே சொல்லுங்கள். அன்றைய தங்குயரத்துக்கு மேல் ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதோ இருந்தால், இரவானாலும் இறங்குங்கள்.”

‘தங்குயரம்’ என்று சேர்த்து எழுதியதை அச்சகத்தில் ‘தங்கு உயரம்’ என்று பிரித்திருக்கிறார்கள். வயதானவர்கள் படிக்கும் தாளில் அப்படியே விட்டுவிடலாமா, சேர்த்துத்தான் எழுத வேண்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் மெய்ப்பு திருத்தித் தர வேண்டும்.