உலோகத்துக்குள் எலக்ட்ரான்: பாடம் நடத்த உதவி தேவை

வணக்கம். பெரம்பூரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். வெற்றிடத்தில் 100 வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 6,000 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இது சுலபம். செம்புக் கம்பிக்குள் நொடிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் அலைந்தும், வீட்டு ஒயரில் அது முன்னேறுவது நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மோதல்தான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம், சரி. ஆனால் அறை வெப்பநிலையிலேயே நூறு அணுக்களுக்கு மேல் கடந்த பிறகுதானே சிதறுகிறது! ஒழுங்கான அணு அடுக்கு, அலைபோலப் பரவும் எலக்ட்ரானைத் தடுக்காது, அணுக்களின் அதிர்வும் கலந்திருக்கும் வேற்று அணுக்களும்தான் சிதறடிக்கும் என்று 1928இல் இயற்பியலாளர் ஃபீலிக்ஸ் பிளாக் காட்டியதைக் கணக்கில்லாமல் எப்படி விளக்குவது? பாடத்திலேயே அழகான இடம் இதுதான், விட மனமில்லை.

அப்புறம், படக்குழாய் வைத்த பழைய ஆசிலோஸ்கோப் (மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) யாரிடமாவது இருந்தால் இரவல் தாருங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னாலும் போதும்.