பிக் பேர்ட் உடைக்குள் ஒரே ஆள் எப்படி?

மஞ்சள்இறகு: அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சி செசமி ஸ்ட்ரீட்டில் வரும் மஞ்சள் பறவைப் பாவையான பிக் பேர்டின் உயரம் 8 அடி 2 அங்குலம். உடைக்குள் இருந்த பாவைக் கலைஞர் கேரல் ஸ்பின்னி தலை, கண், சிறகுகளைத் தனியாளாக எப்படி இயக்கினார்? வெளியே என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

கைப்பாவை: வலக்கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். கழுத்தும் தலையும் அந்தக் கைதான். சுண்டுவிரல் ஒரு நெம்புகோலை இழுத்தால் இமை அசையும். இடக்கை இடச் சிறகுக்குள் இருக்கும். வலச் சிறகுக்குள் கை கிடையாது. அதிலிருந்து ஒரு மீன்பிடி நரம்பு கழுத்தடி வளையம் வழியாக இடக்கைக்கு வரும். இடக்கை தாழ்ந்தால் வலச் சிறகு எழும். அற்புதமான எளிமை!

வாயசைப்பில்தான் புதியவர்கள் தவறுவார்கள். நான்கு விரலையும் மேலே தூக்கினால் பாவை கூரையைப் பார்க்கும். கட்டைவிரலைக் கீழே இறக்கித்தான் வாய் திறக்க வேண்டும், அசைக்கு ஒருமுறை. "வாங்க" என்றால் இரண்டு.

திரைக்குப்பின்: பார்ப்பதற்கு மார்பில் கட்டிய சின்ன டிவி. கேமரா காட்டும் படம் அப்படியே வரும், கண்ணாடிபோல் திரும்பாது. வலப்பக்கம் நடந்தால் திரையில் இடப்பக்கம் போவீர்கள். வசனத் தாளையும் ஸ்பின்னி உள்ளேயே ஒட்டிக்கொள்வார்.

1969 முதல் பிக் பேர்டையும், அதே நிகழ்ச்சியில் குப்பைத்தொட்டியில் வாழும் ஆஸ்கர் என்ற பாவையையும் இயக்கியவர் அவர்தான். உடல் சமநிலை தடுமாறியதால் 2015இல் உடைக்குள் நுழைவதை நிறுத்தினார். மேட் வோகல் என்ற இன்னொரு கலைஞர் பிக் பேர்டை இயக்க, ஸ்பின்னி குரல் மட்டும் கொடுத்தார். 2018இல் ஓய்வு, அடுத்த ஆண்டு மறைவு. ஏறக்குறைய பாதி நூற்றாண்டு கையைத் தூக்கி நின்ற உழைப்பு அது.

மஞ்சள்இறகு: டிவி திரும்பாது என்பது புதுத் தகவல். பயிற்சிக்குக் கண்ணாடி வேண்டாமா?

கைப்பாவை: வாயசைப்புக்கு மட்டும் கண்ணாடி போதும். நடைக்கு, கேமராவை டிவியில் இணைத்தே பழகுங்கள்.