சிறுமழைக்குப் பின் வறண்ட புல்வெளி கார்பனை வெளியிடுவது ஏன்?

கேள்வி: முதுகலை மாணவி

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள குட்டைப்புல் சமவெளியின் கார்பன் வரவு செலவைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் படித்து வருகிறேன். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 340 மி.மீ. மழையே பெய்கிறது, புளூ கிராமா என்னும் சி4 வகைப் புல்லே (வெப்பத்திலும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தி ஒளிச்சேர்க்கை செய்யும் வகை) அங்கு மிகுதி. மழை பெய்தால் புல் பசுமையாகி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உட்கொள்ளும் என்றே எதிர்பார்த்தேன். ஆனால், நீண்ட வறட்சிக்குப் பின் சிறுமழை பெய்ததும் சில மணி நேரத்துக்குள் மண்ணிலிருந்து அந்த வாயு பெருமளவில் வெளியேறுவதை அளவீடுகள் காட்டுகின்றன. இதற்குக் காரணம் என்ன? ஆண்டின் மொத்த மழை மாறாமல், பெய்யும் விதம் மட்டும் மாறினாலும் கார்பன் கணக்கு மாறுமா?

மறுமொழி 1: மண்ணியல் ஆய்வாளர்

நீங்கள் கண்டது மண்ணியலில் 'பர்ச் விளைவு' என்று அறியப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த எச். எஃப். பர்ச், உலர்ந்த மண்ணை மீண்டும் நனைக்கும் ஒவ்வொரு முறையும் மட்கு (மண்ணில் மக்கிய தாவர, உயிரினப் பொருள்) வேகமாகச் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடும் தாவரங்களுக்குப் பயன்படும் நைட்ரஜனும் திடீரெனப் பெருகுவதை 1958-இல் விளக்கினார்.

வறட்சிக் காலத்தில் மண்ணின் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது; எஞ்சியவை நீரை இழக்காதிருக்கத் தம் உயிரணுக்களுக்குள் கரைபொருள்களைச் சேர்த்துக்கொள்கின்றன. மழைநீர் திடீரெனச் சேரும்போது அந்தக் கரைபொருள்கள் வெளியேறுகின்றன, மடிந்த உயிரணுக்கள் மற்றவற்றுக்கு உணவாகின்றன, மண்கட்டிகள் உடைந்து அவற்றுள் அடைபட்டிருந்த கரிமப் பொருளும் வெளிப்படுகிறது. நுண்ணுயிர்கள் விழித்தெழ சில மணி நேரமே போதும். காய்ந்து ஒடுங்கிய புல்லோ புதிய இலையும் வேரும் விட்டு ஒளிச்சேர்க்கையை முழுமையாகத் தொடங்கப் பல நாள்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில்தான் நிலம் கார்பனை இழக்கிறது.

மழையின் அளவை ஆழமாக மாற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு மண், கன அளவில் 15 விழுக்காடு நீரைக் கூடுதலாகத் தாங்கும் என்று கொள்வோம். ஆவியாவதை விட்டுவிட்டாலும் 2 மி.மீ. மழை ஏறத்தாழ 1.3 செ.மீ. ஆழத்தையே நனைக்கும், 10 மி.மீ. மழை 7 செ.மீ. வரை இறங்கும். மட்கு, நுண்ணுயிர்கள் ஆகிய இரண்டுமே மேற்பரப்பில்தான் செறிந்திருக்கின்றன. வேர்களோ அதற்குக் கீழும் பரவியுள்ளன. ஆகவே சிறுமழையின் பயன் பெரும்பாலும் நுண்ணுயிர்களுக்கே போய்விடுகிறது.

மறுமொழி 2: தாவரச் சூழலியல் ஆசிரியர்

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் தேவை என்று கருதுகிறேன். சிறுமழை புல்லுக்குப் பயன்படுவதே இல்லை என்று கொள்ளக் கூடாது. இதே கொலராடோ சமவெளியில் சாலா, லாயன்ரோத் ஆகியோர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், 5 மி.மீ. நீர் கிடைத்த புளூ கிராமா 12 மணி நேரத்துக்குள்ளாகவே இலையின் நீர்நிலையில் முன்னேற்றம் காட்டியது. இலை உயிருடன் இருக்கும் பருவத்தில் பெய்யும் 5 மி.மீ. மழையும், முற்றிலும் காய்ந்தபின் பெய்யும் 5 மி.மீ. மழையும் கார்பன் கணக்கில் ஒன்றல்ல.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை, ஆம், மாறும். எந்தத் திசையில் மாறும் என்பதை அந்த இடத்தின் ஈரநிலைதான் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு 800 மி.மீ.-க்கு மேல் மழை பெறும் கன்சாஸின் கொன்சா உயர்புல் வெளியில், மொத்த மழையைக் குறைக்காமல் மழைகளுக்கு இடையிலான வறண்ட நாள்களை 50 விழுக்காடு நீட்டித்தபோது, தரைமேல் புல் வளர்ச்சியும் மண்ணிலிருந்து வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடும் குறைந்தன. வறண்ட கொலராடோவில் இதற்கு நேர்மாறாக, குறைந்த எண்ணிக்கையிலான பெருமழைகள் தரைமேல் வளர்ச்சியை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்த்தின. ஈரமான நிலத்தில் இடைவெளி நீண்டால் மேல்மண் வறண்டு புல் தவிக்கிறது. வறண்ட நிலத்திலோ பெருமழை ஆவியாதலுக்கு எட்டாத ஆழத்தில் நீரைச் சேர்த்து வைக்கிறது.

கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் வறண்ட புல்வெளிக்குப் பெருமழைகள் மிகுவது கார்பன் சேமிப்புக்கு நல்லது என்று எழுதலாமா?

மறுமொழி 3: கோபுர அளவீட்டுப் பணியாளர்

அப்படி எழுத வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தரைமேல் வளர்ச்சி கூடுவது வேறு, நிலத்தில் கார்பன் நிலைத்துத் தங்குவது வேறு. 2011-இல் லா நினா (பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் நிலை) தந்த மழையால் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்கள் செழித்ததே உலக நிலப்பரப்பு அவ்வாண்டு வழக்கத்தைவிட மிகுதியாகக் கார்பனை உறிஞ்சியதற்கு முதன்மைக் காரணம் என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அடுத்து வந்த வறண்ட காலத்தில் அந்தக் கூடுதல் உறிஞ்சல் விரைவிலேயே மறைந்துவிட்டது. இத்தகைய நிலம் ஓராண்டு சேர்ப்பதை மறு ஆண்டு இழக்கக்கூடும் என்பதால், ஒரே பருவத்தின் தரவை வைத்து முடிவு கூறுவது எனக்கு ஏற்புடையதல்ல.

புல்வெளிக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் கார்பன் டை ஆக்சைடு பரிமாற்றத்தை அளக்கும் கருவிக் கோபுரம் தருவது ஒளிச்சேர்க்கைக்கும் சுவாசத்துக்கும் இடையிலான நிகர வேறுபாட்டை மட்டுமே என்பதையும் கவனியுங்கள். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லாததால், மழைக்கு முந்தைய, பிந்தைய இரவுகளின் அரைமணி நேர மதிப்புகளை ஒப்பிட்டால் சுவாசம் எவ்வளவு உயர்ந்தது என்பது தனியே தெரியும். அதனுடன் 5 செ.மீ., 20 செ.மீ. ஆழங்களின் மண் ஈரத்தையும் சேர்த்து வரைந்து, ஒவ்வொரு மழைக்கும் முன்னர் எத்தனை நாள் வறண்டிருந்தது என்று குறியுங்கள். பொதுவாகக் கோபுரத் தரவு அட்டவணைகளில் எதிர்மறை எண் என்றால் நிலம் கார்பனை உட்கொள்கிறது என்று பொருள்; கூட்டத் தொடங்கும் முன் உங்கள் தரவும் அந்த முறையில்தான் உள்ளதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.