ஒரே கோட் என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை

2023ல் ஈரோட்டுப் பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றும் ஒருவருக்குக் கணக்கு ஆப் செய்து கொடுத்தேன். யாருக்கு எத்தனை லிட்டர், இன்றைக்கு யார் வேண்டாம் என்றார்கள், மாதக் கடைசியில் எவ்வளவு, அவ்வளவுதான். ஒரு தடவை எழுதினால் இரண்டு வகை போனுக்கும் ஆப் ஆக்கித்தரும் பிளட்டர் என்ற கருவியில் எழுதினேன். "ஒரே கோடுதானுங்க, ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓடும்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டேன். அதுவரை ஐபோனுக்கு ஒரு ஆப்கூட செய்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆண்ட்ராய்டு வேலை என் பழைய விண்டோஸ் லேப்டாப்பிலேயே முடிந்தது. ஆப்பை நேராகப் போனில் போட்டுக்கொள்ளும் ஏபிகே ஃபைலை வாட்ஸாப்பில் அனுப்பினேன், பால் ஊற்றும் பையன்கள் மூன்று பேரும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் முதலாளி கையில் இருந்தது ஐபோன் 7, மகள் புதுசு வாங்கியபோது அப்பாவுக்குத் தள்ளிவிட்டது.

ஐபோன் ஆப்பை பில்ட் செய்ய ஆப்பிளின் எக்ஸ்கோட் என்ற மென்பொருள் வேண்டும், எக்ஸ்கோட் மேக்கில் மட்டும்தான் ஓடும். நண்பரிடம் 2014 மாடல் மேக்புக் ஏர் ஒன்றைக் கெஞ்சி வாங்கினேன். ஆப் ஸ்டோரில் ஏற்ற அந்த ஏப்ரலிலிருந்து எக்ஸ்கோட் 14.1 ஆவது வேண்டும், அதற்கு மேக்கின் ஓஎஸ்ஸான மேக்ஓஎஸ் 12.5 வேண்டும், அந்த மேக்புக்கோ 11க்கு மேல் ஏறாது. சரி, கேபிள் போட்டு நேராக அவர் போனில் ஏற்றிவிடலாம் என்று ஆப்பிளின் இலவசக் கணக்கில் ஏற்றினேன். ஓடியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டாம் நாள் காலை ஐந்தரைக்குப் போன்: "தம்பி, ஆப்பு தொறக்க மாட்டேங்குதுங்களே." ஐபோனில் ஓட ஆப்புக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், இலவசக் கணக்கில் போட்ட கையெழுத்துக்கு ஆயுள் ஏழு நாள்தான் என்று அதற்கப்புறம்தான் படித்தேன், முதலிலேயே படித்திருக்க வேண்டியது. ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் பணம் கட்டிச் சேர வருஷத்துக்கு 99 டாலர். ஆண்ட்ராய்டு பக்கம் ஒரே தடவை 25 டாலர், அதுவும் பிளே ஸ்டோருக்குப் போனால்தான்.

கடைசியில் அதே கோடை வெப் பக்கமாக பில்ட் செய்து, சஃபாரியில் திறந்து ஹோம் ஸ்கிரீனில் வைத்துக் கொடுத்தேன். நோட்டிபிகேஷன் மட்டும் வராது. வெப் பக்கங்களுக்கு அந்த வசதி ஐபோனின் ஓஎஸ்ஸான ஐஓஎஸ் 16.4ல்தான் வந்தது, ஐபோன் 7 பதினைந்தோடு நின்றுவிட்டது. "வேண்டாம்" என்பதை எல்லாரும் வாட்ஸாப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள், அவரும் கேட்கவில்லை.

•

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்: நீங்கள் ஏழு நாளாவது ஓட்டினீர்கள் தம்பி. 2010 ஏப்ரலில் அடோபி கம்பெனி, தன் அனிமேஷன் மென்பொருளான பிளாஷில் எழுதியதை ஐபோன் ஆப்பாக மாற்றும் வசதியோடு சிஎஸ்5 என்ற மென்பொருள் தொகுப்பை அறிவிக்க இருந்த நேரம், நான்கு நாள் முன்னால் ஆப்பிள், ஆப் எழுதுபவர்களோடு போடும் ஒப்பந்தத்தில் 3.3.1 பிரிவை மாற்றி, ஆப்பை முதலிலேயே சி, சி++, அப்ஜெக்டிவ்-சி மாதிரி மொழிகளில்தான் எழுதியிருக்க வேண்டும் என்றது. நான் அப்போது பிளாஷில் விளம்பர பேனர் செய்துகொண்டிருந்தவன், எனக்கு நஷ்டமில்லை, வேடிக்கை பார்த்தேன். செப்டம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் எங்கள் ஆபீசில் பாதிப் பேர் அதற்குள் அப்ஜெக்டிவ்-சி புத்தகம் வாங்கிவிட்டார்கள். என்னுடையது இன்னும் பரணில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?