முதல்ல பெட்டிஷன் போட்டவன் ஜெயிச்சிருவானாமா? செஸ் மாஸ்டருக்கு ஒரு கேள்வி

கோபி குமாஸ்தா:
நேத்து நம்ம ஈரோடு சதுரங்கன் தம்பி ஒரு பதிவு போட்டிருந்தாப்டி. "டைவர்ஸ், ஜீவனாம்சம், கொழந்தை கஸ்டடி எல்லாமே கேம் தான், செஸ்ல வெள்ளைக்காய் மாதிரி முதல்ல பெட்டிஷன் போட்டவன் கை ஓங்கும், நோட்டீஸ் வாங்குறவன் பாதி தோத்தவன்." அதுக்குக் கீழ அம்புட்டு பேரு கைதட்டு வேற. படிச்சதுல இருந்து வவுறு எரியுதுங்க. வக்கீல் ஆபீஸ்ல கேஸ் கட்டு சுமந்தே தலை நரைச்சவன் நான், கோயமுத்தூர் கோர்ட்டு வராண்டால டவாலி மூணு தடவை பேரு கூப்புடறதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போனவன், எனக்குத் தெரியாத எந்த வெள்ளைக்காயை இந்தத் தம்பி கண்டாருன்னு தெரியல. முதல்ல போட்டவனுக்கு என்ன கிரீடம் வெக்கறாங்க, சொல்லுங்க சாமி.

ஈரோடு சதுரங்கன்:
குமாஸ்தா ஐயா, கட்டு சுமக்கறது வேற, கட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு படிக்கறது வேறங்க. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 21ஏ. ஒருத்தர் டைவர்ஸ் போட்ட பொறகு இன்னொருத்தர் வேற ஊரு கோர்ட்டுல டைவர்ஸ் போட்டா, பின்னாடி போட்டது முன்னாடி போட்ட கோர்ட்டுக்குத் தான் போவும். சட்டத்துலயே முதல் நகர்த்தலுக்கு மதிப்பு குடுத்திருக்குதுங்க. பட்டா மாறுதல் பத்தி போன மாசம் நீங்க அடிச்சு விட்டது மாதிரி இதையும் அடிச்சு விடாதீங்க.

கோபி குமாஸ்தா:
பட்டாவை எதுக்கு இப்ப இழுக்கறீங்க? அங்கயும் நான் சொன்னது தான் சரி, அதை அப்பறம் பேசிக்கலாம். 21ஏ படிச்ச தம்பி அதை முழுசா படிக்கலையே. அது 10 (டைவர்ஸ் ஆகாம கோர்ட்டு மூலமா பிரிஞ்சிருக்கறது), 13 (டைவர்ஸ்) பிரிவு பெட்டிஷனுக்கு மட்டும் தான், சேர்ந்து வாழோணும்னு 9ல போடறதுக்கு ஒட்டாது. அதை விடுங்க, சிவில் நடைமுறைச் சட்டம் 24ன்னு ஒண்ணு இருக்குது, ஹைகோர்ட்டுல ட்ரான்ஸ்பர் போட்டா உங்க வெள்ளைக்காய் பொட்டியோட ஊரு மாறிரும். 2022ல சுப்ரீம் கோர்ட்டு வேலூர்ல இருந்த கேஸை சென்னைக்கு மாத்துச்சு, பொம்பளையோட வசதியைத் தான் பாக்கோணும்னு சொல்லி. போதாததுக்கு நீங்க சொன்ன இந்து திருமணச் சட்டத்துலயே 19ஆம் பிரிவுல 2003ல இருந்தே மனைவி தான் இருக்கற ஊர்லயே பெட்டிஷன் போடலாம். முதல்ல போட்டு என்னத்த சாதிச்சீங்க?

பனியன் வாத்தியார்:
நடுவுல வர்றேன், மன்னிக்கோணும். செஸ்ல வெள்ளைக்கு 100 ஆட்டத்துல 54, 55 பாயிண்ட் தான் கெடைக்கும். முதல் நகர்த்தலோட பவரு அவ்வளவு தான். இதுல "பாதி தோத்தவன்" எங்கிருந்து வந்துச்சு? அப்பறம் "ஜெயிக்கறது"ன்னா என்னன்னு யாராவது சொல்லீட்டு ஆரம்பிக்கலாமே. பணமா, கொழந்தையா, சீக்கிரம் முடியறதா?

ஈரோடு சதுரங்கன்:
வாத்தியாரே, கணக்குல 4 பாயிண்ட் அட்வான்டேஜ் இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க, நன்றி. முதல்ல போட்டவன் முதல்ல தான்.

தாராபுரம் அம்முணி:
ரெண்டு அண்ணனும் ஆம்பளை பக்கமே நாயம் பேசறீங்க. 2020ல சுப்ரீம் கோர்ட்டு ஜீவனாம்சம் மனு போட்ட தேதியில இருந்து குடுக்கோணும்னு சொல்லிருச்சு, ரெண்டு பக்கமும் சொத்து, கடன் எல்லாம் அபிடவிட்டா தரோணும்னும் சொல்லிருச்சு. அப்ப பொண்ணு ஒரு வருசம் தள்ளிப்போட்டா ஒரு வருச பணம் போச்சு. அந்த வகைல முதல்ல போடறது தான் நல்லது.

ஈரோடு சதுரங்கன்:
அப்படிச் சொல்லுங்க அம்முணி! கேட்டீங்களா குமாஸ்தா?

தாராபுரம் அம்முணி:
நான் உங்களுக்கு சப்போர்ட் பண்ணலைங்க. நீங்க சொன்னது வேற, நான் சொன்னது வேற.

கோபி குமாஸ்தா:
கண்ணு சொல்றது வேற கணக்கு, அது சீக்கிரம் போடறது, எதிராளிக்கு முன்னாடி போடறது இல்ல. அவன் முன்னாடியே டைவர்ஸ் போட்டிருந்தாலும் இவ போடற தேதில இருந்து இவளுக்கு வரும். அதுவும் இவ ஊர்லயே போடலாம், அந்த ஜீவனாம்ச மனுவுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ன்னு பழைய பேரு, 2024 ஜூலைல இருந்து புது சட்டத்துல 144. குடும்ப வன்முறைச் சட்டத்துல (டிவி ஆக்ட்) மனு போட்டா அது மாஜிஸ்திரேட் கோர்ட்டு. அப்ப வெள்ளைக்காய்க்காரன் டைவர்ஸுக்கு கோயமுத்தூரு, ஜீவனாம்சத்துக்கு தாராபுரம்னு பஸ்ஸுல ஓடிக்கிட்டே இருக்கோணும்.

ஒண்ணு பாத்ததைச் சொல்றேன், பேரு ஊரு வேண்டாம். பொண்ணு வீட்ல மாரியம்மன் நோம்பி, ஒறம்பரை முச்சூடும் வந்து எலை போட்டு உக்காந்திருக்காங்க, அந்நேரம் பார்த்து அமீனா சம்மனோட வாசல்ல நிக்கறாரு. மாப்பிள்ளைக்கு யாரோ இதே மாதிரி ரோசனை சொல்லியிருக்காங்க, "முந்திக்கோ"ன்னு. அது வரைக்கும் பொண்ணோட அப்புச்சியும் பையனோட பெரியப்பனும் உக்காந்து பேசி, சீரா போட்ட நகையைத் திருப்பிக் குடுத்துட்டு பரஸ்பரமா பிரிஞ்சிக்கலாம்னு முக்கால்வாசி முடிஞ்ச நாயம். அப்புச்சி எலையைக் கூட மடிக்காம எந்திரிச்சாரு, அடுத்த வாரமே மூணு கேஸ். பையன் வாய்தா வாய்தாவா அலைஞ்சான், கடைசில அதே நகை, அதே பரஸ்பரம், மேல வக்கீல் பீஸ். முதல்ல போட்டது யாரு? அவன் தான்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
செஸ்ஸை எல்லாம் எதுக்கு இழுக்கறீங்க, நம்மூரு ஆடுபுலி ஆட்டம் தானுங்க இதுக்கு சரி. ஆடு வெட்டாது, புலி நகர எடமில்லாம அடைக்கும், அவ்வளவு தான். 18 ஆடு சேர்ந்து அடைச்சா புலி என்ன பண்ணும்.

பனியன் வாத்தியார்:
1980 வாக்குல அமெரிக்காவுல ராபர்ட் ஆக்சல்ராட்ங்கிறவரு கம்ப்யூட்டர் போட்டி ஒண்ணு நடத்துனாரு, ப்ரோக்ராமுங்க ஒண்ணோட ஒண்ணு மோதோணும், ஒத்துழைக்கறதா கழுத்தறுக்கறதான்னு ஒவ்வொரு ரவுண்டுலயும் முடிவு பண்ணோணும். ஜெயிச்சது ராப்போபோர்ட்ங்கிறவரு அனுப்புனது, இருந்ததுலயே சின்ன ப்ரோக்ராம். தானா முதல்ல அடிக்காது, எதிராளி அடிச்சா ஒரு தடவை திருப்பி அடிக்கும், அவன் சமாதானமா வந்தா இதுவும் சமாதானம். சதுரங்கன் தம்பி, எல்லாமே கேம்னு சொல்றவரு இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே.

ஈரோடு சதுரங்கன்:
அது 200 ரவுண்ட் ஆட்டம் வாத்தியாரே. டைவர்ஸ் ஒரே தடவை. ஒரே தடவை ஆட்டத்துல முதல்ல அடிக்கறவன் தான் பொழைப்பான்.

தாராபுரம் அம்முணி:
கொழந்தை இருந்தா ஒரே தடவையாங்க? அதுக்கு 18 வயசு ஆகற வரைக்கும் லீவு நாளைக்கு யாரு கூட்டிட்டுப் போறது, ஸ்கூல் பீஸு யாரு கட்டறதுன்னு மாசா மாசம் மூஞ்சியைப் பாத்தே ஆகோணும். 200 ரவுண்டு தாண்டிரும்ணா.

கோபி குமாஸ்தா:
சபாஷ் கண்ணு. 13பி பரஸ்பர டைவர்ஸுல ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடறாங்க, அதுல எவன் வெள்ளை எவன் கருப்பு? 2017ல அதுல முதல் மனுவுக்கும் ரெண்டாவது மனுவுக்கும் நடுவுல இருக்கற ஆறு மாச காத்திருப்பைக் கூட கோர்ட்டு நெனைச்சா தள்ளி வெக்கலாம்னு தீர்ப்பு வந்துருச்சு. ஆனா கோர்ட்டு டைவர்ஸ் ஆணை (டிகிரி) போடற வரைக்கும் யாரு வேணா சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அது 1991 தீர்ப்பு. அதனால தான் பேசுன பணத்தை முதல் மனுவுல பாதி, ரெண்டாவதுல மீதின்னு பிரிச்சுத் தர்றது.

ஈரோடு சதுரங்கன்:
ஹஹா! பணத்தைத் தவணையாப் பிரிச்சு, எதிராளி பல்டி அடிப்பானான்னு முன்கூட்டியே கணக்குப் போடறது ஸ்ட்ராட்டஜி இல்லாம வேற என்னங்க? நீங்க ஆயுசு முழுக்க கேம் ஆடிட்டு கேமே இல்லைங்கறீங்க. கோபிக் குசும்பு!

கோபி குமாஸ்தா:
கேம் இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? மேல போய் படிங்க. முதல்ல போட்டவன் ஜெயிப்பான்னு சொன்னது தான் லொள்ளுன்னு சொன்னேன். இத்தனை பேசியும் 21ஏவை விட்டு ஒரு அடி நகர மாட்டேங்கறீங்க. அப்பறம் வெண்ணெய் தம்பி, ஆடு 18 இல்ல, 15. புலி 3.

ஊத்துக்குளி வெண்ணெய்:
எங்க அப்பாரு 18 வெச்சுத் தானுங்க ஆடுவாரு.

கோபி குமாஸ்தா:
உங்க அப்பாரு புலியா ஆடியிருக்க மாட்டாரு.

ஈரோடு சதுரங்கன்:
ஆடுபுலிலயும் முதல்ல ஆடு வெக்கறவன் தான்...

கோபி குமாஸ்தா:
ஏனுங்க, அதுல புலியை முதல்ல வெக்கறவங்களும் இருக்காங்க! எங்கூரு கோயில் திண்ணைல கட்டமே கீறியிருக்குது, ஞாயித்துக்கெழமை வாங்க, 15 கூழாங்கல்லோட நான் உக்காந்திருக்கேன், நீங்களே முதல்ல வெய்ங்க, பாத்துரலாம்.

ஈரோடு சதுரங்கன்:
ஞாயித்துக்கெழமை முகூர்த்தம், பெருந்துறைல ஒறம்பரை கல்யாணம் இருக்குதுங்க. அடுத்த வாரம் சொல்லுங்க.

கோபி குமாஸ்தா:
பாத்துக்கோங்க, இப்பவே வாய்தா கேக்கறாரு.