விங்ஸ் விரியணும்னா கர்லாவா, புல்-அப்பா, அகலப் பிடியா?

பாளைத் தம்பி:
விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எடை 65 கிலோ. புல்-அப் (பாரைப் பிடிச்சுத் தொங்கி உடம்பை மேல இழுக்கது) ஒரே மூச்சுல 8 வரும். ஊசி மாத்திரை இல்லாம முதுகு அகலமாகணும், அதாவது அக்குளுக்குக் கீழ முதுகோட ரெண்டு பக்கமும் விரியுத விங்ஸ் தசை பெருக்கணும். ஜிம்ல, "பாரை எவ்வளவு அகலமாப் பிடிக்கியோ அவ்வளவு விங்ஸ் விரியும்"னு சொல்லுதாங்க. சிலம்பக் கூடத்துல, "கர்லாக்கட்டையைச் சுத்து, அது போதும்"ங்காங்க. எதை நம்ப?

கர்லாப் பிரியன்:
கர்லாதான் தம்பி. கட்டையை முதுகுக்குப் பின்னால இறக்கும்போது விங்ஸ் முழுசா நீளும், முன்னால கொண்டுவரும்போது சுருங்கும். தோள் மூட்டு எல்லாப் பக்கமும் திரும்பும். எந்த மிஷின்ல இது வரும்? நம்ம சீமையில பனையேறுத அண்ணாச்சிமாரு முதுகைப் பாருங்க. அவங்க எந்த ஜிம்முக்குப் போனாங்க? உடம்பு எடையே அவங்களுக்குப் பாரம்.

இரும்புத்தோள்:
அண்ணாச்சி, பனையேற்றத்தைச் சொன்னா முழுசாச் சொல்லணும். கால்ல தளை மாட்டி, பாதத்தால மரத்தைக் கவ்வித்தான் ஏறுதாங்க. எடையில பெரும்பங்கு காலுக்குப் போகுது, கை மரத்தை அணைச்சுப் பிடிக்கும். அந்த உடம்புல கொழுப்பு கம்மி, அதனால இருக்கிற தசையெல்லாம் வரிவரியாத் தெரியும். தெளிவாத் தெரியுதது வேற, பெருசா இருக்கது வேற. தம்பி கேக்கது ரெண்டாவது.

கர்லாவுல சிக்கல் எங்கன்னா, 5 கிலோ கட்டையை 100 தடவை சுத்தினா முன்னங்கையும் தோளைச் சுத்தி இருக்கிற சின்னத் தசைகளும்தான் முதல்ல ஓயும். விங்ஸ் ஓயுததுக்கு முன்னாடியே கட்டையைக் கீழ வச்சிருவோம். தசை பெருக்கணும்னா அந்தத் தசையே ஓயுத நிலைக்குப் பக்கத்துல போகணும், பாரமும் கொஞ்சங்கொஞ்சமா ஏறணும். மரக்கட்டையில ஒன்றரைக் கிலோ கூட்டணும்னா புதுசா ஒண்ணு கடைஞ்சுதான் வாங்கணும்.

மேலப்பாளையம் பார்:
கர்லா விஷயத்துல இரும்புத்தோள் சொல்லுததுதான் சரி. ஆனா அகலப் பிடியை யாரும் தள்ளிராதீங்க. அகலமாப் பிடிச்சா முழங்கை பக்கவாட்டுல விலகி, விலாவைப் பாத்து நேரா இறங்கும். அக்குளுக்குப் பின்னால இருக்கிற திரட்சி நல்லா வேலை செய்யும். வி வடிவத்துக்கு மேல்முனை அதுதான். குறுகலாப் பிடிச்சா பைசெப்ஸ் பாதி வேலையைத் தின்னுரும்.

தச்சநல்லூர் அக்கா:
தசை எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு பாத்துட்டுப் பேசுவோம். விங்ஸ் முதுகெலும்பின் கீழ்ப்பாதியிலயும் இடுப்பெலும்பு மேல்விளிம்பிலயும் கடைசி மூணு நாலு விலா எலும்புலயும் தொடங்குது. அங்கேருந்து மேல போய், மேல்கை எலும்பின் முன்பக்கத்துல ஒட்டுது. மேல்கையை உடம்போட சேர்க்கது, பின்னால இழுக்கது, உள்பக்கம் திருப்புதது, இவ்வளவுதான் அதோட வேலை. பிடி எவ்வளவு அகலம்ங்கதை விட, தலைக்கு மேல நீண்ட கை எவ்வளவு தூரம் இடுப்பை நோக்கி வருதுங்கதுதான் முக்கியம்.

பிடி ரொம்ப அகலமானா அந்தத் தூரம் சுருங்கிரும். தோள் அகலத்துல ஒன்றரை மடங்கு போதும். தோள் 40 செ.மீ.னா ரெண்டு கைக்கும் நடுவுல 60 செ.மீ. அதுக்கு மேல போனா மணிக்கட்டு சாயும், தோள் முன்பக்கம் உறுத்தும். அக்குள் திரட்சி விங்ஸுக்கு உதவிக்கார தசை. முழு நீளத்துக்கு இழுத்தா அதுவும் சேந்து வளரும், அதுக்குன்னு தனிப் பிடி வேண்டாம்.

தோள்பட்டை எலும்பு அகலம் பிறவி, அதை மாத்த முடியாது. அதே நேரம் இடுப்பு ரெண்டு அங்குலம் குறைஞ்சாலே முதுகு அகலமாத் தெரியும். டம்பெல்லைக் கையில பிடிச்சுப் பக்கவாட்டுல சாயுத பயிற்சியைச் செட் செட்டாப் பண்ணி இடுப்புப் பக்கத் தசையைப் பெருக்குத பையலுவ இதை யோசிக்கணும்.

மேலப்பாளையம் பார்:
அப்போ உக்காந்து மேலேருந்து கேபிள் பாரைக் கீழ இழுக்குத புல்டவுன்ல அகலப் பிடியே கூடாதா அக்கா?

தச்சநல்லூர் அக்கா:
ஒண்ணு ரெண்டு செட் மாத்திப் பிடிக்கதுல தப்பில்ல. கழுத்துக்குப் பின்னால மட்டும் இழுக்காதீங்க. தோள் கடைசிவரை வெளிப்பக்கம் திரும்பி மாட்டிக்கிடும், தலையும் முன்னால குனியும். மேல்நெஞ்சுக்கு இழுத்தாலே விங்ஸுக்கு முழு வேலை.

இரும்புத்தோள்:
தம்பி, செய்முறை இதான். புல்-அப்ல முதல்ல முழுசாத் தொங்கணும், தோள் காதுக்குப் பக்கம் ஏறட்டும். அப்பறம் கையை மடக்காம தோள்பட்டையைக் கீழ இறக்கு. அதுக்குப் பெறகுதான் முழங்கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள்ள திணிக்க மாதிரி இழுக்கணும். தாடை பாருக்கு மேல வந்ததும் ரெண்டு மூணு எண்ணி இறங்கு. பாதியில இருந்து பாதி வரைக்கும் ஆடுத ஆளுக்கு வளருதது பைசெப்ஸ்தான். அடிநீளத்துல, அதாவது தொங்கும்போது தசை முழுசா நீண்டு பாரம் தாங்குத இடத்தை, அவன் தொடவே இல்லையே.

உன் கணக்குக்கு 8 எடுக்காதே, ஒவ்வொரு செட்டுலயும் 6 எடு. 4 செட், நடுவுல ரெண்டரை நிமிஷம் ஓய்வு. நாலு செட்டுலயும் 10 வந்ததும் இடுப்பு பெல்ட்ல 2.5 கிலோ தட்டு மாட்டு. ரெப், அதாவது ஒரு செட்டுல எடுக்கிற எண்ணிக்கை, 6-க்கு இறங்கும், மறுபடி ஏத்து. அதே நாள் ஒற்றைக்கை டம்பெல் ரோ (குனிஞ்சு பாரத்தை உடம்பு பக்கம் இழுக்கது) 3 செட், 8-லிருந்து 12. முழங்கையை நேரா மேல தூக்காதே, இடுப்பைப் பாத்து வளைவா இழு. மேல தூக்கினா பின்தோளுக்குப் போயிரும்.

மூணு நாள் கழிச்சு ரெண்டாவது நாள். புல்டவுன் 4 செட், நெஞ்சைச் சாய்வு பெஞ்ச்ல சாத்தி ரோ 3 செட், கையை மடக்காம கேபிளைத் தொடை வரைக்கும் இழுக்கது 2 செட். வாரம் 16 செட் ஆச்சு, இதுக்கு மேல இப்போதைக்கு வேண்டாம். பார்பெல் ரோ நல்லதுதான், ஆனா விங்ஸுக்கு முன்னாடி இடுப்பு ஓஞ்சிரும். தரையில கிடக்க பாரைத் தூக்கி நிமிருத டெட்லிஃப்ட்ல விங்ஸ் பாரை உடம்போட ஒட்டிப் பிடிக்கும், நீண்டு சுருங்காது. அது முதுகுத் தடிமனுக்கு, அகலத்துக்கு இல்ல.

சித்திரை வைகாசியில தகரக் கொட்டகை ஜிம்ல பார் வேர்வையில வழுக்கும். துண்டு வச்சுத் துடை, சாக்பீஸ் தூளாவது தேய். பிடி நழுவி செட் முடிஞ்சா விங்ஸுக்கு அன்னைக்கு வேலையே நடக்கல.

கர்லாப் பிரியன்:
எல்லாம் சரி. சுவத்துல முதுகைச் சாத்தி, விலாவைத் தூக்காம ரெண்டு கையையும் நேரா மேல தூக்கிச் சுவரைத் தொடச் சொல்லுங்க. இன்னைக்கு நாற்காலியில உக்காந்து வேலை பாக்க பையலுவளுக்குப் பாதி பேருக்கு வராது. தோள் திறக்காதவன் முழுசாத் தொங்குதது எப்படி? உங்க அடிநீளம் அங்கேயே போச்சே!

தச்சநல்லூர் அக்கா:
அண்ணாச்சி சொல்லுதது நியாயம். இந்த இடத்துல கர்லாவுக்கு ஈடு இல்ல. 3 கிலோக் கட்டை, பக்கத்துக்கு 20 சுத்து, ரெண்டு தடவை, புல்-அப்புக்கு முன்னாடி.

இரும்புத்தோள்:
முன்னாடின்னா ஒத்துக்கிடுதேன். முந்தின நாள் சாயங்காலம் 300 சுத்து சுத்திட்டு வந்தா ஒத்துக்கிட மாட்டேன். முன்னங்கை செத்துப் போய் நாலாவது செட்டுல ஆள் விழுவான்.

கர்லாப் பிரியன்:
அது சுத்துதவன் பழக்கத்தைப் பொறுத்தது. ஆறு மாசம் முறையாச் சுத்தின கை அப்படி ஓயாது. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாளைத் தம்பி:
சாப்பாடு எப்படி? வீட்டுல சொதியும் சாம்பாரும்தான் பெரும்பாலும்.

தச்சநல்லூர் அக்கா:
சொதியில தேங்காய்ப்பால்தான் தம்பி, புரதம் கொஞ்சந்தான். 2018-ல 49 ஆய்வுகளைத் தொகுத்து வந்த கணக்குப்படி, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.6 கிராம் புரதம் வரைக்கும் பலன் தெரியுது. உனக்கு 104 கிராம். 4 முட்டையில 24, சாளை மீன் சதை 150 கிராம்ல 30 கிட்ட, காஞ்ச சோயா உருண்டை 50 கிராம்ல 26, அரை லிட்டர் பால்ல 16, பருப்பு 50 கிராம்ல 11. கூட்டினா 107.

இரும்புத்தோள்:
டேப்பை அக்குளுக்குக் கீழ சுத்தி, கையைத் தொங்கவிட்டு, மூச்சை விட்ட பெறகு அளந்து எழுதி வை. காலையில வெறும் வயித்துல, மாசம் ஒரு தடவை. இடுப்பையும் சேத்து அள. ரெண்டும் ஒரே அளவுக்கு ஏறினா அரிசியைக் குறை. அளவும் ரெப்பும் ரெண்டு மாசமா அசையலைன்னா முதல்ல தூக்கத்தைப் பாரு, பெறகு வாரத்துக்கு ரெண்டு செட் கூட்டு. பிடியை மாத்தாதே.