குளோரோசிஸ்: பசலையா, சோகையா?

பெரம்பூரிலிருந்து:
நண்பர்களே, வணக்கம். ரோடோடெண்ட்ரான் வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகவேண்டும். செடிக்கு மலையிலேயே காட்டுப்பூவரசு என்ற பெயர் இருக்கிறது, சிக்கல் இல்லை. மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) 6-க்கு மேல் ஏறினால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்குமே, அந்தக் குளோரோசிஸுக்குத்தான் சொல் வேண்டும். 'வெளிறல்' என்று போட்டேன். சப்பென்று இருக்கிறது.

இராயபுரத்திலிருந்து:
பிரிவுத் துயரில் தலைவியின் மேனி நிறம் மாறுமே, அந்தப் பசலை இருக்க வெளிறல் எதற்கு? குறளில் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம், 119. தலைவன் ஊரில் இருந்தும் வராவிட்டால் தலைவிக்கு, மண்ணில் இருந்தும் இரும்பு வராவிட்டால் இலைக்கு.

தண்டையார்பேட்டையிலிருந்து:
ஐயா, பொறுங்கள். பசலை, பசுமை, பாசி எல்லாம் ஒரே வேர். குறுந்தொகை 399-இல் பசலைக்கு உவமையே கேணிப் பாசிதான். பச்சை போவதற்குப் பச்சை என்றே பெயர் வைப்பதா? தவிர, எங்கள் மார்க்கெட்டில் பசலை என்றால் கீரை.

இராயபுரத்திலிருந்து:
அந்த உவமை நிறத்துக்கு இல்லை அம்மா. தொட்டால் விலகும், விட்டால் படரும், அதற்கு. கிரேக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? குளோரோஸ் என்பதே மஞ்சள் பூத்த இளம்பச்சை. குளோரோபில்லுக்கும், அதாவது பச்சையத்துக்கும், அதே வேர்தான்.

வியாசர்பாடியிலிருந்து:
வகுப்பில் பசலை என்றால் பிள்ளைகள் சிரித்தே பாடத்தை முடித்துவிடுவார்கள். இரும்புச்சத்து குறைந்தால் சோகை என்பது அவர்களுக்குத் தெரியும். 'பச்சையச்சோகை' என்று வையுங்கள். அப்புறம், காட்டுப்பூவரசு என்றதும் "எங்க தெருவுல பீப்பீ ஊதுவோமே, அந்த மரமா மிஸ்?" என்பார்கள். தெருப் பூவரசு பருத்திக் குடும்பம், இது வேறு என்று ஒரு வரி சேருங்கள்.

கொடுங்கையூரிலிருந்து:
கரும்புக்காரனுக்குச் சோகை என்றால் காய்ந்த தோகை. அவன் என்ன நினைப்பான்? அது கிடக்கட்டும். ஊட்டியிலிருந்து ஆசையாக ஓர் அசேலியா வாங்கிவந்தேன், அதுவும் ரோடோடெண்ட்ரான் இனம்தான். மொட்டைமாடியில் போர் தண்ணீர் ஊற்றினேன், இலை அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி மஞ்சளானது. மழைநீர் பிடித்து ஊற்றியதில் கொஞ்சம் தேறியது. சித்திரை வெயில் வந்தது, செடி போய்விட்டது.

பெரம்பூரிலிருந்து:
தனிமடல்களையும் சேர்த்தால் பச்சையச்சோகைக்கு நான்கு பேர், பசலைக்கு ஒருவர். அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். சரி, சோகை என்றே அனுப்புகிறேன்.

இராயபுரத்திலிருந்து:
அனுப்புங்கள். அடைப்புக்குறிக்குள் பசலை என்றும் போட்டுவிடுங்கள்.